திரிபுவனச் சக்கரவர்த்தி சேந்தமங்கலச் சிறையில்: சோழர் கல்வெட்டுகளின் ஆடம்பர மொழி

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாயகப் பெருமாள் கோயிலில் மூன்றாம் ராஜராஜ சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1231இல், வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. அரசனை அது 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்று அழைத்துத் தொடங்குகிறது. மூன்று உலகங்களுக்கும் சக்கரவர்த்தி. அதற்கு அடுத்தபடியாக அது சொல்லும் செய்தி, அந்தச் சக்கரவர்த்தியைக் கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவர் தலைவன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவைத்திருக்கிறான் என்பது. நாடு அழிந்தது, கோயில்கள் பாழாயின, போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் சேதி கேட்டுத் தன் தளபதிகளை அனுப்பினான், அவர்கள் வழியிலிருந்த ஊர்களை எரித்தும் எதிர்த்தவர்களைக் கொன்றும் சோழனை மீட்டார்கள் என்று கல்வெட்டு தொடர்கிறது. ஊர்ப் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன.

மீட்க வந்தவனுக்கும் 'பிரதாபச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் இருந்தது. சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனோ பின்னாளில் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்று தன் பெயரில் கல்வெட்டு வெட்டிக்கொண்டான். தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் நடந்த ஒரு சண்டையில் மூன்று சக்கரவர்த்திகள். அவர்களுள் உலகங்களையெல்லாம் ஆள்வதாகச் சொல்லிக்கொண்ட இருவரில் ஒருவன் கைதி, மற்றவன் ஒரு சிற்றரசின் தலைவன்.

பிறரை மலைக்க வைக்கும் பொருட்டு மொழியை ஊதிப் பெருக்குவது எல்லாச் சமூகங்களிலும் உண்டு. தமிழில் அந்தப் பழக்கத்தை ஆராய நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளில் சோழர் கல்வெட்டுகளுக்கு இணையானவை இல்லை. சுமார் 300 ஆண்டுக் காலம் ஆடம்பர மொழி எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது, எப்போது உள்ளீடற்றுப் போனது என்பதை ஆட்சியாண்டு வாரியாகப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆடம்பரத்துக்கு நேர்எதிரான இன்னொரு தமிழ், அதே கல்லில், அதே சிற்றுளியால், அதற்குக் கீழேயே வெட்டப்பட்டிருக்கிறது.

முதலாம் ராஜராஜனுக்கு முந்தைய சோழர்களின் பெருமைப் பேச்சு ஒரு சிறு தொடரில் முடிந்துவிடும். முதலாம் பராந்தகன் மதுரையைக் கொண்டவன், பின்பு மதுரையும் ஈழமும் கொண்டவன். உத்தரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் அவனுடைய 12, 14ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் அரசனுக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். உடனே விதிகள் தொடங்கிவிடுகின்றன: வாரியத்துக்கு யார் நிற்கலாம், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது.

அந்தச் சிறு தொடர்களிலும் பொய் கலந்திருந்தது. 949இல் தக்கோலப் போரில் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் இறந்தான். இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் ஆனான். சோழர் கல்வெட்டுகள் ராஜாதித்தனை யானைமேல் துஞ்சிய தேவர் என்றன. சில ஆண்டுகள் கழித்துப் பாண்டியன் வீரபாண்டியன் தன்னைச் 'சோழன் தலைகொண்டவன்' என்று கூறிக்கொண்டான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் தன்னை 'வீரபாண்டியன் தலைகொண்டவன்' என்றான். ஒருவர் கல்லை மட்டும் படித்தால் மற்றவர் தலை போய்விடும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் வரலாறு என்ற ஒன்று ஆரம்பிக்கிறது.

985இல் பட்டமேறிய முதலாம் ராஜராஜன் தன் எட்டாம் ஆண்டு வாக்கில் இதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தான். அவன் வெற்றிகளை அகவல் நடையில் கோத்த ஒரு தமிழ்ப் பாடம் அரசவையில் இயற்றப்பட்டு, நாடெங்கும் கல்வெட்டுகளின் முகப்பில் ஒரே மாதிரியாக வெட்டப்பட்டது. இதுதான் மெய்க்கீர்த்தி. புது வெற்றி கிடைத்ததும் பாடத்தில் புது அடி சேரும். அதனால்தான் ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்வெட்டையும், எந்த அடிவரை இருக்கிறது என்று பார்த்து ஆய்வாளர்களால் காலம் கணிக்க முடிகிறது. பிற்காலத்தில் பாட்டியல் நூல்கள் இதை ஓர் இலக்கிய வகையாகவே ஏற்றுக்கொண்டு இலக்கணம் வகுத்தன.

இந்த முதல் கட்டத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆரவாரமானதுதான். ஆனால் அந்த ஆரவாரத்துக்குள் சரக்கு இருந்தது. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும்போது அது ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. 1918இல் ஜார்ஜ் சேதே என்ற பிரெஞ்சு அறிஞர் ஸ்ரீவிஜயம் என்ற மறந்துபோன கடல் அரசை மீட்டெடுத்து நிறுவியபோது, இந்தத் தமிழ்ப் பட்டியல் அவருக்குக் கிடைத்த முக்கியச் சான்றுகளில் ஒன்று. பெருமை பேசிய கவிஞர் பெயர்களைச் சரியாகப் பேசியிருந்தார்.

சரிவு இதற்குப் பிறகு வருகிறது, அதுவும் சங்கடமான நேரங்களில்தான் முதலில் தெரிகிறது. 1054ஐ ஒட்டிக் கொப்பத்தில் சாளுக்கியரோடு நடந்த போரில் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் யானைமீதே கொல்லப்பட்டான். அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு போரை வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அண்ணன் மரணம் அந்த வெற்றி முழக்கத்தில் அடங்கிப்போயிற்று. பின்னாளைய கல்வெட்டுகள் அவனையும் யானைமேல் துஞ்சியவன் என்றன.

அடுத்து வீரராஜேந்திரன் காலத்தில் நடந்தது இன்னும் ஆராயத் தக்கது. சாளுக்கிய ஆகவமல்லன் கூடல் சங்கமத்தில் போருக்கு நாள் குறித்து ஓலை அனுப்பினான், குறித்த நாளில் வரவில்லை, சோழன் ஒரு மாதம் காத்திருந்தான், அஞ்சி ஒளிந்த பகைவனை இகழ்ந்து துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டான் என்று வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. சாளுக்கியர் பக்கத்துச் செய்தி வேறு. தீராத நோயுற்ற ஆகவமல்லன் 1068இல் குருவத்தி என்ற ஊரில் துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டான். கடுங்காய்ச்சல் என்கிறார் அவன் மகனைப் பாடிய காஷ்மீரக் கவிஞர் பில்கணர். களத்துக்கு அவன் வராததன் காரணம் அந்த நோயாக இருக்கக்கூடும் என்று கருதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்படியானால் மரணப் படுக்கையில் கிடந்தவனைக் கோழை என்று கல்லில் வெட்டியாயிற்று. இதை எழுதிய கவிஞருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடம்பர மொழிக்கு ஓர் இயல்பு உண்டு: எதிரியின் நிலையை விசாரிக்க அதற்குப் பொறுமை இல்லை. பில்கணரும் இதில் சோழக் கவிஞருக்குச் சளைத்தவரல்லர். அவர் தன் நாயகனான ஆறாம் விக்கிரமாதித்தனுக்காகக் காஞ்சியைப் பலமுறை எரிய வைக்கிறார்.

வீரராஜேந்திரனுக்குப் பின் வந்த அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு 1070இல் இறந்தான். கலகத்தில் அவன் கொல்லப்பட்டதாகவும், வேங்கி நாட்டுச் சாளுக்கிய மரபினனான ராஜிகன் அரியணையைக் கைப்பற்றியதாகவும் பில்கணர் சொல்கிறார். அந்த ராஜிகன்தான் முதலாம் குலோத்துங்கன். அவன் மெய்க்கீர்த்தியோ தென்திசையின் திருமகள் ஆதரவற்றுத் தனித்திருந்ததாகவும், அவளது தனிமை தீர அவன் மணந்துகொண்டதாகவும் சொல்கிறது. ஆட்சி மாற்றம் எப்படி நடந்தது, முந்தைய அரசன் என்ன ஆனான், யார் எதிர்த்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு கல்யாணச் செய்தி பதிலாக வைக்கப்பட்டது. ஆடம்பரம் வெறும் அலங்காரமாக நின்றால் யாருக்கும் கேடில்லை. இங்கே அது ஒரு கேள்வியை எழாமல் தடுக்கும் வேலையைச் செய்கிறது.

குலோத்துங்கன் திறமையான அரசன், அரை நூற்றாண்டு ஆண்டவன். ஆனால் அவன் காலத்தில்தான் சோழப் பேரரசு சுருங்கத் தொடங்கியது. 1070ஐ ஒட்டி முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டான். 1116இல் போசள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்ததும் கங்கவாடி போயிற்று. ஆட்சியின் இறுதியில் வேங்கியும் கை நழுவியது. மெய்க்கீர்த்திகள் இந்த இழப்புகளைப் பேசவில்லை. பேசாதது இருக்கட்டும், 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழக்குக்கு வந்ததே குலோத்துங்கன் காலத்தில்தான். வட இலங்கையை வென்ற ராஜராஜனும் கங்கையிலிருந்து நீர் கொண்டுவந்த ராஜேந்திரனும் பெரும்பாலான கல்வெட்டுகளில் உடையார் என்றே அழைக்கப்பட்டார்கள். நாடு குறையக் குறையப் பட்டம் பெருகியது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனுக்கும் இரண்டாம் ராஜராஜனுக்கும் வெட்டிய மெய்க்கீர்த்திகளைப் படிப்பவர் போர்ச் செய்தியோ ஆட்சிச் செய்தியோ தேடினால் ஏமாந்துதான் போவார். கலி நீங்கியது, மனுநெறி தழைத்தது, வெண்குடை நிழற்றியது, புகழ் எட்டுத் திசையும் பரவியது என்று அவை போகின்றன. எந்த அரசனுக்கும் பொருந்தும் வாசகங்கள். அரசியரின் பட்டப்பெயர்களும் புவனமுழுதுடையாள், அவனிமுழுதுடையாள், தரணிமுழுதுடையாள் என்று உலகளாவிப் பெருத்தன. செய்யுள் நயத்தில் இவை முந்தையவற்றைவிடச் சிறந்தவை என்றுகூடச் சொல்லலாம். சொல்ல ஒன்றும் இல்லாதபோது சொல்லும் முறையில்தானே முழு உழைப்பும் இறங்கும்.

இனி அதே கல்லின் கீழ்ப்பகுதிக்கு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தந்த நகைகளை ராஜராஜன் கல்லில் பதிய வைத்தான். ஒவ்வொரு நகையையும் கோத்த சரடு, உள்ளிருந்த சட்டம், செப்பாணி எல்லாவற்றையும் நீக்கி, ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு மஞ்சாடி குன்றி வரை எழுதினார்கள். முத்துகளை எழுதும்போது வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று தரம் பிரித்தார்கள். வைரங்களில் புள்ளியும் கருகலும் முறிவும் இருந்தால் அதையும் மறைக்கவில்லை. அரசன் கொடுத்த வைரத்தில் பழுது இருக்கிறது என்று அரசனின் கோயிலிலேயே, அரசனின் ஆணைப்படியே வெட்டிவைத்தார்கள். கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ஒதுக்கி, ஒவ்வொருவர் பெயரையும் அவர் வந்த ஊரையும் குறித்தார்கள். நந்தா விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய், அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை.

லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளில் இந்த இரு நடைகளும் ஏடு ஏடாகவே பிரிந்து நிற்கின்றன. மொத்தம் 21 ஏடுகள். முதல் 5 ஏடுகளில் வடமொழியில் சூரியனிலிருந்து தொடங்கும் சோழர் குலப் பெருமை. மீதி 16 ஏடுகளில் தமிழ். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு விட்ட ஆனைமங்கலத்தின் எல்லையை, பெண் யானையை நடத்தி வளைத்துக் குறித்த விதத்தையும், வாய்க்கால் வாய்க்காலாக, வயல் வயலாக எல்லை செல்லும் வழியையும் அந்தத் தமிழ் சொல்கிறது. ஊர் தர வேண்டிய நெல் 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி. ஒரு கலத்துக்கு 96 நாழி. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலத்தில் ஒரு நாழியை விடாமல் எழுதிய கை அது.

1001 வாக்கில் நடந்த நில அளவை இதற்கும் மேல். அளவையை நடத்திய அதிகாரி 'உலகளந்தான்' என்ற பட்டம் பெற்றான். திருமாலுக்குரிய பெயர். பட்டம் உலகத்தை அளந்தது, கணக்கோ ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை இறங்கி நிலத்துக்கு வரி கண்டது.

இரு நடைகளும் ஒரே கல்லில் எப்படி ஒன்றாக வாழ்ந்தன என்பதற்கு அரசாணை ஊருக்கு வந்த முறையில் விடை இருக்கிறது. அரசனின் திருமுகம் வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு சென்று, தொழுது வாங்கி, தலைமேல் வைத்து, யானையோடு எல்லை சுற்றினார்கள் என்று செப்பேடுகளே சொல்கின்றன. எழுத்தறிந்தவர் சிலரே இருந்த ஊரில் மெய்க்கீர்த்தி ஒரு சடங்கு. நடுவிலிருக்கும் அரசன் இங்கேயும் இருக்கிறான் என்று உணர்த்துவது அதன் வேலை. மைய மண்டலத்துக்கு வெளியே சோழ அரசின் அதிகாரம் பெருமளவு சடங்கு சார்ந்தது என்று பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வாதிட்டார். அவர் முடிவை முழுதாக ஏற்க முடியாது. இத்தனை நுணுக்கமான வரிக்கணக்கு சடங்கு அரசால் ஆகக்கூடியதன்று என்பதைக் கல்வெட்டின் கீழ்ப்பகுதியே காட்டுகிறது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுப் பெயர்களையும் பட்டங்களையும் எண்ணித் தொகுத்து உண்டாக்கிய புரிதல்தான் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் மெய்க்கீர்த்தி என்ற மேல்பகுதிக்கு மட்டும் ஸ்டைன் சொன்னது பொருந்தும்.

கீழ்ப்பகுதியில் ஆடம்பரத்துக்கு இடமில்லாமல் போனதற்கு ஒரே காரணம், தவறு நேர்ந்தால் யாரோ ஒருவருக்கு நட்டம். எல்லை ஒரு வாய்க்கால் தள்ளிப்போனால் ஓர் உழவன் நிலம் இழப்பான். ஆடு 96 என்பதைப் பேராடு பலநூறு என்று பாடினால் விளக்கு அணையும். மேல்பகுதியைத் தட்டிக்கேட்க ஆளில்லை. கேட்க ஆளிருக்கும் இடத்தில் மொழி தானாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

உண்மையான வெற்றிக்கும் அதிகச் சொல் தேவைப்படவில்லை. ராஜாதிராஜன் கல்யாணபுரத்தைச் சூறையாடிக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில், இன்ன அரசர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்தது இது என்ற அளவில் ஒரு சிறு வாசகம். பொருளே எதிரில் நிற்கும்போது அதற்குமேல் என்ன சொல்ல? சோழர் பெருமைப் பேச்சில் என்னை மிகவும் நம்ப வைத்தது இந்த ஒரு வரிதான்.

இதையெல்லாம் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் நம் காலத்து நிலை. பள்ளிப் பாடம் தொடங்கி மேடை, திரைப்படம், கைப்பேசிக் காணொளி வரை சோழர் வரலாறு என்று பரவுவதில் பெரும்பகுதி மெய்க்கீர்த்தியின் உரைநடை வடிவம். கடாரம் கொண்டான் என்ற பட்டத்திலிருந்து தென்கிழக்காசியா முழுவதையும் சோழர் ஆண்டதாக வரைபடங்கள் தீட்டப்படுகின்றன. 1025இல் நடந்தது ஒரு படையெடுப்பு. ராஜேந்திரன் அங்கே வரி வாங்கியதற்கோ, நிலம் அளந்ததற்கோ, அதிகாரிகளை அமர்த்தியதற்கோ தமிழகத்தில் இருப்பதுபோன்ற கல்வெட்டுச் சான்று கிடையாது. மெய்க்கீர்த்தியே கூடப் பிடித்த ஊர்களையும் கவர்ந்த பொருள்களையும்தான் சொல்கிறது, ஆண்டதாகச் சொல்லவில்லை. நாம் அந்தக் கவிஞரையும் தாண்டி மிகைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு இழப்பும் இதில் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. தமிழ் என்றாலே முழங்கும் மொழி, அடுக்கும் மொழி, புகழும் மொழி என்று ஒரு நம்பிக்கை ஊன்றியிருக்கிறது. ஓர் அறிக்கையை, ஒரு விதியை, ஓர் ஒப்பந்தத்தைத் துல்லியமாகத் தமிழில் எழுத முடியாது என்று அலுவலகங்களில் படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். பழுதுள்ள வைரத்தையும் ஒரு நாழி நெல்லையும் கணக்குக் காட்டாதவனின் உறவினர் தகுதியிழக்கும் விதியையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே குழப்பமின்றி எழுதிய உரைநடை நமக்கு இருந்தது. அது எந்தப் புலவரின் பெயரிலும் இல்லாததால் இலக்கிய வரலாற்றில் இடம் பெறவில்லை. ஊர்க் கரணத்தார் எழுதியது என்பதால் பாடநூலில் சேரவில்லை.

தமிழ்க் கல்வெட்டுகளில் அச்சேறாதவை இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அச்சேறியவையும் ஆய்வு நூலகங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மெய்க்கீர்த்தியை மனப்பாடமாகச் சொல்லித் தருவதோடு, உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு ஒன்றின் கீழ்ப்பகுதியை, எல்லைகளும் அளவுகளும் ஆட்டுக் கணக்கும் உள்ள பகுதியை, ஒரு வகுப்பிலாவது மாணவர்களோடு சேர்ந்து வரிவரியாகப் படியுங்கள்.